நீ மூடிவிட்டுப் போன கான்

மகனுக்கு,

நீ அனுப்பிய பொதி செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அதில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, நீ ஆசிரியராக இருக்கும் ஹட்டன் பாடசாலையின் ஆண்டிதழ். அதில் 'முகாம் வாழ்க்கையை எளிதாக்கப் பன்னிரண்டு உபாயங்கள்' என்ற தலைப்பில் உன் கட்டுரை. மற்றது, அரைத்தாளில் ஒரு வேண்டுகோள். டிசம்பர் விடுமுறையில் மறுபடியும் மாணவர்களை அழைத்துவந்து எங்கள் தோட்டத்துக்கு மேலேயுள்ள பத்தனைப் புல்வெளியில் கூடாரம் அடிக்க விரும்புகிறாய் என்றும், தோட்டத்தின் பெரிய கிளாக்கர் என்ற முறையில் நான் தோட்ட நிர்வாகியான தொரையிடம் அனுமதி பெற்றுத் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தாய். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அனுமதி கிடையாது. தொரை மறுக்கவில்லை, நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

முதலாவதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். இதன் நகல் ஒன்றை உன் இதழாசிரியருக்கும் அனுப்புகிறேன். அச்சில் சொன்ன தவற்றைத் தபாலில் திருத்துவது முறையன்று. உபாயங்களைப் படித்த எல்லோரும் திருத்தத்தையும் படிக்கவேண்டும். உன் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அவள் அந்த இதழை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சர் வீட்டுக்கும் டீமேக்கர் வீட்டுக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தவள். "புள்ள பேரு அச்சுல வந்திருக்கு. நீங்க என்னடான்னா சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க," என்றாள். ஏழாவது உபாயத்தை அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு அவள் இதழை யாருக்கும் காட்டவில்லை.

ஏழாவதற்கு வருகிறேன். அதற்குமுன் மற்றவற்றையும் ஒழுங்காகப் பார்த்துவிடலாம். உன்னுடைய பன்னிரண்டில் எட்டு என்னுடையவை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. தீக்குச்சியின் தலையை உருகிய மெழுகில் தோய்த்து வைத்தால் மழையிலும் பற்றும் என்பதும், டின்பால் டப்பாவின் வயிற்றில் ஓட்டை போட்டு மெழுகுவர்த்தியைச் செருகினால் காற்றுக்கு அணையாத விளக்காகும் என்பதும், இரண்டு அரிசிச் சாக்குகளின் அடி மூலைகளை வெட்டி இரு கழிகளில் கோத்தால் ஈரத் தரையைத் தொடாத கட்டிலாகும் என்பதும் உனக்குப் பதினொரு வயதானபோது நான் செய்து காட்டியவை. 'அனுபவத்தில் கண்டுபிடித்தேன்' என்று எழுதியிருக்கிறாய். யாருடைய அனுபவம் என்று எழுத உனக்கு இடம் போதவில்லை போலும். அது போகட்டும். சரியாக எழுதியிருந்தால் அந்தப் பெருமை உனக்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். நீ சரியாக எழுதவில்லை.

தேயிலைப் பெட்டியைப் பற்றிய உபாயத்தை எடுத்துக்கொள். பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சமையல் அலுமாரி, மூடியை மேலே போட்டால் மேசை, உள்ளே ஒட்டியுள்ள தாளை உரித்து அரிசியையும் உப்பையும் சுற்றினால் ஈரம் அண்டாது: இவ்வளவும் சரி. அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். 'அதே தாளில் உருளைக்கிழங்கைச் சுற்றித் தணலில் புதைத்தால் பதமாக வேகும்' என்று சேர்த்திருக்கிறாய். புதிய பெட்டிகளில் இருப்பது அலுமினியம். பழைய பெட்டிகளில் இருப்பது ஈயம். மாணவன் கையில் கிடைப்பது எப்போதும் பழைய பெட்டிதான். ஈயம் தணலில் உருகி உணவில் இறங்கும். உன் கட்டுரையைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையாவது அப்படிச் சுட்டுத் தின்றால் அந்த வயிற்றுவலிக்கு யார் பொறுப்பு? கிழங்கைச் சேற்றில் உருட்டிப் புதை. சேறு காய்ந்து ஓடாகும். உடைத்தால் தோலும் அதனோடு வந்துவிடும்.

அட்டைக் கடிக்குக் கொளுத்திய சுருட்டை வைத்தால் போதும் என்பது உன் இன்னொரு கண்டுபிடிப்பு. சுருட்டால் சுட்டால் அட்டை தான் குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிட்டு விழும். புண் சீழ் பிடிக்கும். புறப்படும்போதே துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியை நனைத்துக் காலுறையின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் படியும்வரை தேய்த்துக்கொள்ளவேண்டும். ஏறிவிட்டால், உப்பை முடிந்து வைத்த துணியை நனைத்து அதன்மேல் ஒற்றினால் தானாகவே கழன்றுவிடும். விறகைப் பற்றி எழுதும்போது, 'தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டிய மிலாறு ஏராளமாகக் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம்' என்று தாராளமாகச் சொல்லியிருக்கிறாய். கவ்வாத்தில் விழும் அந்தக் குச்சிகள் ஏராளமாகக் கிடப்பவை அல்ல. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் வேலை முடிந்து தலையில் சுமந்துபோய் அடுப்பு எரிப்பவை. கேட்டு எடுக்கவேண்டும். நீ கிளாக்கர் மகன். கேட்காமல் எடுத்தாலும் உன்னை யாரும் தடுக்கமாட்டார்கள். தடுக்கமாட்டார்கள் என்பதாலேயே கேட்கவேண்டும்.

கூடாரத் துணி நனைந்திருக்கும்போது உட்புறத்தை விரலால் தொடக்கூடாது, தொட்ட இடத்தில் ஒழுகும் என்று எழுதியிருக்கிறாய். அதில் பிழை இல்லை. அந்த வரியைப் படித்தபோது எனக்கு உன்னுடைய பதினோராவது வயது ஞாபகம் வந்தது. அதே பத்தனையின் மேற்குச் சரிவில் முதன்முறையாக உன்னை அழைத்துச் சென்றேன். தொடாதே என்று சொன்னேன், நீ தொட்டாய். ஒழுகியது. "தொட்டவன் அங்கேயே உட்காரு," என்று சொல்லி, மழை விடும்வரை இரண்டு மணிநேரம் அந்தச் சொட்டுக்குக் கீழேயே உன்னை உட்காரவைத்தேன். "அப்பா, குளுருதுப்பா. இனிமே தொடமாட்டேன்," என்று பல் கிட்டச் சொன்னாய். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உனக்கு நான்கு நாள் காய்ச்சல். விதியைக் கற்பித்தேன் என்று அன்று நினைத்தேன். தவறு செய்தால் அதை அப்பாவுக்குத் தெரியாமல் மறைத்துவிடவேண்டும் என்பதைத்தான் கற்பித்தேனோ என்று இந்த வாரம் தோன்றுகிறது. இதை உனக்கு மன்னிப்பாகத் தரவில்லை. என் பிழை என்னுடையது. உன் பிழை உன்னுடையது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க முடியாது.

இனி ஏழாவது. உன் வாசகங்களையே எழுதுகிறேன்: 'கூடாரத்தின் மேற்புறம் ஓரடி ஆழத்துக்கு அரைவட்டமாக மழைநீர்க் கான் வெட்டி, அதன் இரு கைகளையும் ஒரே வாயில் சேர்த்துச் சரிவில் இறக்கிவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு வராது. கடந்த ஆகஸ்ட் முகாமில் ஐந்து கூடாரங்களுக்கும் சேர்த்து இவ்வாறு ஒரே கான் வெட்டினோம். இரண்டாம் நாள் பிற்பகல் கொட்டிய மழையில் எங்கள் போர்வைகள்கூட நனையவில்லை.' பக்கத்தில் படமும் போட்டிருக்கிறாய். படம் நன்றாக இருக்கிறது. அளவுகள் தெளிவாக உள்ளன. அந்தக் கானின் வாயிலிருந்து புறப்படும் அம்புக்குறி பக்கத்தின் ஓரத்தில் முடிகிறது. அதற்கப்பால் என்ன இருந்தது என்று நீ வரையவில்லை. நான் சொல்கிறேன். அதற்கப்பால் எழுபது அடி கீழே தோட்டத்தின் எல்லைக் கான் இருந்தது. எல்லைக் கானுக்குக் கீழே ஏழாம் நம்பர் லயம் இருந்தது. அந்த லயத்தின் கடைசி ஒற்றையறைக் காம்பராவின் பின்சுவருக்குப் பக்கத்தில் அங்கம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

புல்வெளியில் பெய்யும் மழை ஒரே இடத்தில் ஓடாது. புல்லின் அடியில் பரவி மெதுவாக இறங்கும். எல்லைக் கான் அந்த மெதுவான நீருக்காக வெட்டப்பட்டது. நீ அரை ஏக்கர் சரிவின் தண்ணீரை ஒரே வாய்க்குக் கூட்டி, புதிதாய் வெட்டிய செம்மண்ணையும் அதில் கரைத்து, ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினாய். கான் அந்த இடத்தில் மண்ணால் அடைபட்டது. நீர் கரையைத் தாண்டியது. பிற்பகல் மூன்றரை மணிக்குச் சுவர் விழுந்தது; அங்கம்மாவின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அன்று மாலை நீ நம் வீட்டுக்கு வந்து, "ஒரு சொட்டு உள்ள வரலப்பா," என்று சொன்னபோது, லயத்தில் சுவர் விழுந்த செய்தியை நான் உனக்குச் சொன்னேன். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். "உயிருக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "நல்லவேளை," என்றாய்.

மறுநாள் விடிந்ததும் உன் மாணவர்களைக் கொண்டு கானை மூடி, வெட்டி வைத்திருந்த புல்தரைத் துண்டுகளை அதே வரிசையில் அடுக்கி, மிதித்து, தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளம்பினாய். 'வந்தபோது இருந்தபடியே இடத்தை விட்டுச் செல்க' என்பது உன் பன்னிரண்டாவது உபாயம். அதுவும் நான் சொல்லித் தந்ததுதான். நீ விதிக்காக மூடினாயா, பயந்து மூடினாயா என்பது உனக்கு மட்டுமே தெரியும். ஆனால் இறங்கிப்போகும் வழியில் நீ செய்தது எனக்குத் தெரியும். மிச்சமிருந்த அரிசியையும் இரண்டு மீன் டின்களையும் அங்கம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி அந்தக் காம்பரா வாசலில் கொடுத்துவிட்டுப் போனாய். அவளுடைய புருஷன் செல்லமுத்து உன்னைக் கும்பிட்டார். "மவராசனா இருங்க சின்னையா," என்றார். நீ அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாய்.

செல்லமுத்துவை உனக்கு நினைவிருக்கும். உன் கட்டுரையைப் படிப்பவர்களுக்குத் தெரியாது. அவர் இந்தத் தோட்டத்தின் கான்வெட்டுக்காரர். என் வயதுக்காரர். எல்லைக் கானைத் துப்புரவாக வைப்பது அவருடைய பொறுப்பு. சுவர் விழுந்த மறுநாளே தொரை, மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கை மேலே அனுப்பினார். கண்டாக்கு போய்ப் பார்த்தார். பத்தனையில் புல் பச்சையாக, முழுசாக இருந்தது. எல்லைக் கானில் மட்டும் இடுப்பளவு மண். அலுவலக வாசலில் நடந்த விசாரணையில் நான் எழுத்துவேலைக்காக உட்கார்ந்திருந்தேன். "நான் சுத்தம் பண்ணுன கானுங்க அது. முந்துன வாரந்தான் மண்ண எல்லாம் வாரிக் கரையில போட்டேன்," என்றார் செல்லமுத்து. "அப்ப இந்த மண்ணு ஆகாசத்துலருந்து வந்துச்சாக்கும்," என்றார் கண்டாக்கு. சிலர் சிரித்தார்கள். "சொந்த வீட்டுக்கு மேல இருக்குற கானயே பாக்காதவன் தோட்டத்துக் கானயா பாக்கப்போறான்?" என்று அவரே மறுபடியும் சொன்னார். மண் எங்கிருந்து வந்தது என்று செல்லமுத்துவுக்கே புரியவில்லை. முப்பது வருடமாக மண்ணும் தண்ணீரும் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர், அன்று தம் கைகளையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடுவதில்லை. எல்லோரும் மலைக்குப் போனபின் தனியாக நின்றுவிட்டுத் திரும்புவார். செப்டம்பரில் இதை உனக்கு எழுதினேன். நீ எழுதிய பதில் என்னிடம் இருக்கிறது: 'பாவம், அவருக்கு ஏதாவது செய்யுங்கள் அப்பா.' செய்துவிட்டேன். அவருடைய பத்துச்சீட்டை நானே தட்டச்சுச் செய்தேன். வேலையிலிருந்து நீக்கிய காரணத்தை எழுதும் இடத்தில் 'கடமையில் கவனக்குறைவு' என்று எழுதினேன். தொரை சொன்ன வாக்கியத்தில் ஒரு பிழை இருந்தது, அதையும் திருத்தினேன். அது தொரையின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. இந்த மாதக் கடைசியில் அவர் காம்பராவைக் காலி செய்யவேண்டும். அவருடைய பிரஜாவுரிமை மனு இன்னும் முடிவாகவில்லை. அதில் நான் நிரப்பிக் கொடுத்த முகவரி அந்தக் கடைசிக் காம்பராதான். பிரஜாவுரிமைக் கந்தோரிலிருந்து கடிதம் வரும்போது அந்த முகவரியில் செல்லமுத்து இருக்கமாட்டார். பத்துச்சீட்டில் அந்தக் காரணத்தோடு அவரை வேறு எந்தத் தோட்டமும் சேர்த்துக்கொள்ளாது. முறிந்த காலோடு ஒரு மனைவி. எங்கே போவார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு விடை கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்தால் பதின்மூன்றாவது உபாயமாக எழுது.

இனி என்னைப் பற்றி. என் கோபம் முழுவதும் உன்மேல் என்று நீ நினைத்துக்கொண்டால் அது உனக்கு வசதியாக இருக்கும். அந்த வசதியையும் தரமாட்டேன். இரு கைகளையும் ஒரே வாயில் சேர்த்துக் கான் வெட்டுவதை உனக்குக் காட்டியவன் நான். அன்று நாம் கூடாரம் அடித்த மேற்குச் சரிவுக்குக் கீழே ஓடை மட்டுமே இருந்தது. ஆகவே கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க நான் சொல்லித்தரவில்லை. அது முதல் தவறு. இரண்டாவது அதைவிடப் பெரியது. கண்டாக்கு வந்து புல் முழுசாக இருக்கிறது என்று சொன்ன அன்று மாலை, மழை விட்டிருந்த நேரம் பார்த்து நான் தனியே மேலே போனேன். கூடாரங்கள் இருந்த இடத்தில் நடந்தேன். ஓரிடத்தில் காலடியில் தரை மெத்தைபோல் அமுங்கியது. குனிந்து புல்லை விலக்கினேன். வெட்டின் விளிம்பு மயிரிழையாகத் தெரிந்தது. எவ்வளவு நேர்த்தி! துண்டோடு துண்டு பொருத்தி, வேர் மேலே தெரியாமல் அடுக்கியிருந்தாய். ஒரு கணம் எனக்கு மகிழ்ச்சியே ஏற்பட்டது என்பதையும் எழுதவேண்டியிருக்கிறது. பிறகு புல்லைப் பழையபடி கோதிவிட்டு இறங்கினேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. முகாமுக்கான அனுமதிக் கடிதத்தில், ஏதாவது நேர்ந்தால் நானே பொறுப்பு என்று கையெழுத்திட்டிருந்தேன். உன் உத்தியோகம் புதிது. நீயாக வந்து சொல்வாய், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு தவணை கொடுத்துக்கொண்டேன். செப்டம்பரில் எழுதிய கடிதம் அதற்காகத்தான். நேரடியாகக் கேட்காமல், நீ பேசுவதற்கு ஒரு வாசலைத் திறந்துவைத்தேன். நீ 'பாவம்' என்று ஒரு சொல்லில் அதைச் சாத்தினாய். அப்படிச் சாத்தியது எனக்கும் ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது. மூன்று மாதம், ஒவ்வொரு காலையும், பெரட்டுக் களத்தின் ஓரத்தில் அந்த மனிதர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே அலுவலகத்தைத் திறந்தேன். விதிகளை மீறுபவர்களைப் பற்றி என்னைவிட அதிகமாகப் பேசியவர் இந்த மலையில் இல்லை.

உன் கட்டுரை வந்ததும் இனிப் பொறுக்க முடியவில்லை. நீ பயந்துகொண்டு மௌனமாக இருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். நீ பயப்படக்கூட இல்லை; அதை அளவுகளோடு அச்சடித்துப் பெருமைப்பட்டிருக்கிறாய். அல்லது, சுவரையும் கானையும் உன் மனத்தில் சேர்த்துப் பார்க்கவே இல்லை. இரண்டில் எது மோசமானது என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. புதன்கிழமை காலை இதழை எடுத்துக்கொண்டு தொரையின் அறைக்குப் போனேன். ஆகஸ்டில் நான் பார்த்ததையும் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செல்லமுத்துவைக் கூப்பிட்டனுப்பி, எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பத்தனைக்கு ஏறினார். "கிளாக்கர், காகிதம் எனக்கு வேணாம். கான் எங்கே? நீ காட்டு," என்றார், செல்லமுத்துவுக்கும் விளங்கட்டும் என்று தம்முடைய தமிழில்.

என்னால் காட்ட முடியவில்லை. மூன்று மாத மழையில் துண்டுகள் வேரோடிவிட்டன, மாடுகள் மேய்ந்திருக்கின்றன, விளிம்பென்று ஒன்று எங்கேயும் இல்லை. அன்று அமுங்கிய இடம் என்று நான் நினைத்த இடத்தில் தோண்டவைத்தேன். கொஞ்சம் தளர்ந்த மண் வந்தது. "இது பன்றி கிண்டின இடம்," என்றார் தொரை. இன்னும் இரண்டு இடம் சொன்னேன். இரண்டிலும் இறுகிய தரை. செல்லமுத்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. தம் கைகள் தவறு செய்யவில்லை என்பது மூன்று மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "சின்னையா வெட்டுன கானு நல்ல கானுதாங்கய்யா," என்றார். "என்னா ஒண்ணு, தண்ணி எங்க வீட்டுக்கு வழி கேட்டுகிட்டு வந்துருச்சி." தொரை சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மகனைப் பற்றி ஒரு தகப்பன் சொல்வதையும், ஒரு பாடசாலைப் புத்தகத்தில் இருக்கும் படத்தையும் வைத்துக்கொண்டு ஓர் உத்தரவை மாற்ற முடியாது என்றும், வெட்டியவன் வந்து ஆரம்பத்திலிருந்து வாய்வரை தரையில் காட்டினால் பத்துச்சீட்டைக் கிழித்துவிடுவதாகவும் சொன்னார். சனிக்கிழமை காலை பத்து மணிவரை தவணை.

அன்று மாலை நான் ஏழாம் நம்பர் லயத்துக்குப் போனேன். சுவர் இருந்த இடத்தில் சாக்குகள் தொங்குகின்றன. அங்கம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழ முயன்றாள், வேண்டாம் என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவள் அந்தச் சாக்குகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஏங்கய்யா, ஒங்க வீட்டுப் புள்ளைங்க நனையாம இருக்கணும்னா எங்க செவுரு படுக்கணுங்களா?" என்றாள். செல்லமுத்து அவளை அதட்டினார்: "சும்மா கெடடி. ஐயாவே வந்து சொல்றாருல்ல." "வந்து சொன்னா செவுரு எந்திரிச்சிருமா?" என்றாள் அவள். அந்த மீன் டின்கள் இரண்டும் திறக்கப்படாமல் மாடத்தில் இருந்தன. விருந்தாளி வந்தால் சமைப்பதற்கென்று வைத்திருந்தாளாம்.

உன் ஏழாவது உபாயத்துக்கு என் திருத்தத்தை இதழாசிரியர் பெரிய எழுத்தில் போடட்டும். கான் வெட்டாதே. நீர் தானாகவே இருபுறமும் விலகிப்போகும் மேட்டைத் தேடிக் கூடாரத்தை அதன்மேல் அடி. மேடு கிடைக்காவிட்டால் நான்கு விரல் ஆழத்துக்கு மேல் போகாதே. தண்ணீரை ஒரே வாயில் சேர்க்காதே, விரித்த விரல்கள்போல் ஐந்தாறு வாய்களாகப் பிரித்துப் புல்லில் விடு. எல்லாவற்றுக்கும் முன்பாக, மண்வெட்டியைத் தரையில் வைப்பதற்கு முன்பே, தண்ணீர் போகப்போகும் வழியில் நீ முதலில் நடந்து இறங்கு. அது எங்கே போய் நிற்கிறதோ அங்கே போய் நின்று பார். அங்கே ஒரு கதவு இருந்தால் தட்டி, மேலே நீ என்ன செய்யப்போகிறாய் என்று சொல். பதினொரு வயதில் உனக்கு இதை நான் சொல்லியிருக்கவேண்டும்.

சனிக்கிழமை உனக்குப் பாடசாலை இல்லை. ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினால் எட்டரைக்குத் தோட்டச் சந்தியில் இறங்கலாம். வீட்டுக்கு வரவேண்டாம், உன் அம்மா உனக்குச் சாப்பாடு போடுவாள், நேரமாகிவிடும். நேரே பத்தனைக்கு ஏறு. உன் மாணவர்களை அழைத்து வராதே. அவர்கள் நீ சொன்னதைச் செய்தவர்கள். தொரை முன்னிலையில், கண்டாக்கு முன்னிலையில், செல்லமுத்து முன்னிலையில், நீயே உன் கையால் அந்தக் கானை முழுநீளத்துக்கும் திறக்கவேண்டும். வாயை நீதான் அடையாளம் காட்டவேண்டும். அதன் பிறகு உன் உத்தியோகத்துக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. நீயும் அன்றைக்கு யோசிக்காதே. என் கையெழுத்துக்கும் என் மௌனத்துக்கும் தொரை எனக்கு என்ன கொடுக்கிறாரோ அதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

நீ வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். பத்து மணி அடித்ததும், நீ மூடிய கான் அகப்படும்வரை தேடித் தோண்ட நான் மண்வெட்டி எடுப்பேன். பத்தனையின் கீழ் ஓரத்தில், எல்லைக் கானுக்கு மேலே முதல் குழி. இரண்டடி தள்ளி அடுத்தது. ஒரு வரிசை முடிந்ததும் இரண்டடி மேலே ஏறி அடுத்த வரிசை. ஏழாம் நம்பர் லயத்தின் அகலத்துக்கு அப்படி எத்தனை குழி வரும் என்று கணக்கிட்டுப் பார்த்துவிட்டேன். அந்த எண்ணிக்கையை உனக்குச் சொல்லமாட்டேன், அது உன்னை இரங்கவைக்க எழுதியதாக ஆகிவிடும். முப்பது வருடமாகப் பேனா பிடித்த கை. ஒரு மணிநேரத்தில் கொப்புளம் வந்துவிடும். தொரை எவ்வளவு நேரம் நிற்பார் என்று தெரியாது. செல்லமுத்துவிடம் இதைச் சொன்னேன். "நீங்க ஒரு பக்கமிருந்து வெட்டுங்கய்யா, நான் மறுபக்கமிருந்து வர்றேன்," என்றார். வேண்டாம், அது எங்கள் வீட்டு வேலை என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா